சுடுநீரும் பீலித் தண்ணீரும்

டயகம லயன்களில், கொழுந்து பறித்து வந்தவர்கள் இரவில் சுடுநீரில் காலை வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இயன்மருத்துவர்கள் அதோடு ஒரு குளிர்நீர்ப் பேசினையும் சேர்ப்பார்கள். 38 முதல் 40 பாகை செல்சியஸ் சுடுநீரில் 3, 4 நிமிடம். 10 முதல் 15 பாகை குளிர்நீரில் ஒரு நிமிடம். இப்படி மாற்றி மாற்றி 20, 30 நிமிடம்.

சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரியும், குளிரில் சுருங்கும். ஆழத்துத் தசை வரை அந்த மாற்றம் பெரிதாகப் போவதில்லை. 2013இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று, உடற்பயிற்சிக்குப் பிந்திய தசைவலி சும்மா ஓய்வெடுப்பதைவிட இதில் குறைகிறது என்றது; குளிர்நீரை மட்டும் பாவிப்பதைவிட மேலானது என்று காட்டவில்லை. உடலின் நஞ்சை வெளியேற்றும் என்ற விளம்பரங்களை நான் நம்பவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல, பிறகு அங்கே போருக்குள்ளும் அகப்பட்டன. ஷெல் காயத்தில் நரம்பு அறுந்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். நீரிழிவால் மரத்த பாதத்துக்கும் அதே ஆபத்துதான். அப்படிப்பட்ட காலுக்கு, கிளினிக்கில் கேட்காமல் இதைச் செய்யவே வேண்டாம். ஆறாத புண் இருந்தாலும் அப்படியே. மற்றவர்கள், வெப்பமானி இல்லையென்றால், முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகு காலை வையுங்கள்.