முன்னோர் பிறந்த ஊரைத் தேடும் வகை: நாகலாபுரத்தை முன்னிட்டுச் சில குறிப்புகள்

கடல் கடந்து வாழும் நம் குலத்தார் தங்கள் பூர்வீகம் யாதென வினவுங்கால், வீட்டு முதியோர் பெரும்பாலும் "நாகலாபுரம்" என்று ஒரு சொல்லில் விடை பகர்வர். அச்சொல்லையே துணையாகக் கொண்டு வந்து, முன்னோரின் மனையையும் குலதெய்வத்தின் சந்நிதியையும் காணாது மனம் நொந்து திரும்புவோர் உளர். அத்தகையோர்க்குப் பழைய ஜனத்தொகைக் கணக்குகளும் தேசப்படங்களும் எம்மட்டில் உதவும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாகலாபுரம் என்னும் பெயருடைய ஊர் ஒன்றன்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். திருப்பதி மாவட்டத்தில் வேதநாராயணப் பெருமாள் கோயில் கொண்ட நாகலாபுரமும் முன்னாளில் சென்னை ராஜதானியையே சார்ந்திருந்தது. ஆதலின், சென்னையில் கப்பலேறிய ஒருவரின் பதிவில் ஊர்ப்பெயர் மட்டும் இருப்பின், அது நமது கரிசற் சீமை நாகலாபுரமே எனத் துணிதல் தகாது. ஜில்லா திருநெல்வேலி என்றிருத்தல் அவசியம்.

தாலுகாப் பெயரும் அன்பர்களை அலையவைக்கும். இவ்வூர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஒட்டப்பிடாரம் தாலுகாவைச் சார்ந்திருந்தது. பின்னர் கோவில்பட்டித் தாலுகாவாயிற்று. இப்பொழுது விளாத்திகுளம் வட்டத்தில் உளது. ஜில்லாவும் 1986-இல் பிரிந்து, இன்று தூத்துக்குடி மாவட்டம் எனப்படுகின்றது. பழைய பத்திரத்தில் ஒட்டப்பிடாரம் என்று கண்டு இன்றைய ஒட்டப்பிடாரம் வட்டத்தில் தேடுவோர் எங்ஙனம் காண்பர்?

இனி, முதியோர் கூறும் நாகலாபுரம் ஓர் ஊரையே குறிப்பதன்று என்பது நமது கருத்து. அது முன்னாளில் ஒரு பாளையத்தின் தலையூர். பாஞ்சாலங்குறிச்சியாரோடு உறவு பூண்டு நின்றமையின் 1799-இல் கும்பினியாரால் பாளையம் பறிமுதலாயிற்று. கட்டபொம்மனாரின் மந்திரி சுப்பிரமணிய பிள்ளை தூக்கிலிடப்பட்டதும் இவ்வூரிலேயே. இத்துணைப் பெயர் பெற்ற ஊர் பக்கத்திலிருக்க, இருபது வீடுகள் கொண்ட தம் உட்கடைக் கிராமத்தின் பெயரைக் கொழும்பிலோ பினாங்கிலோ யாரிடம் சொல்லி விளங்கவைப்பது? ஆதலின் பெரிய ஊரின் பெயரையே சொல்லினர். பிள்ளைகளும் பேரரும் அதனையே மெய்யாகக் கொண்டனர்.

ஜனத்தொகைக் கணக்கை எடுத்துக் கொள்வோம். இங்கிலாந்தில் ஒவ்வொரு வீட்டின் கணக்குத்தாளும் பேணப்பட்டு, நூறாண்டு கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றது. 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-இல் வெளிவந்தன. இங்கும் அங்ஙனமே தாத்தாவின் பெயரைக் கண்டுவிடலாம் என்று நம்பி வருவோர்க்கு ஏமாற்றமே பலன். 1871-இல் சென்னை ராஜதானியில் கணக்கெடுப்பு நிகழ்ந்தது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை இந்தியா முழுமைக்கும் நிகழ்ந்தது. எனினும் தொகை கூட்டியபின் வீட்டுத்தாள்கள் நிலையாகக் காக்கப்படவில்லை. 1948-ஆம் வருஷத்துச் சட்டமோ தனி மனிதரைப் பற்றிய குறிப்புகளை எவரும் பார்வையிட இடந்தரவில்லை. நம் நாட்டுக் கணக்கு ஆளைக் காட்டாது, ஊரைக் காட்டும்.

அதுவும் சிறிய உதவியன்று. 1951 முதல் வெளிவந்த ஜில்லாக் கைந்நூல்களில் ரெவினியூக் கிராமங்கள் தாலுகா வாரியாக ஜனத்தொகையுடன் அடுக்கப்பட்டிருக்கின்றன. குடியில்லாத கிராமங்களும் அங்ஙனமே குறிக்கப்பட்டுள்ளன. குடியில்லாக் கிராமம் என்ற குறிப்பைக் கண்டால் கடந்து போகலாகாது. நமது கரிசல் பூமி வானம் பார்த்தது. பல ஊர்களில் கிணற்று நீர் உப்பாதலின் ஊருணியே குடிநீருக்குக் கதி. ஊருணி வற்றின் ஊர் கலையும். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876-ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி செல்லும் ரயிலும் ஓடத் தொடங்கியது. பசித்தவனுக்குத் துறைமுகம் அருகாயிற்று. எனினும் உட்கடைக் கிராமங்களின் பெயர் கைந்நூலில் தனித்து வாராது; தாய்க்கிராமத்தின் தொகையிலே அடங்கிவிடும்.

அங்கேதான் தேசப்படம் துணையாகின்றது. இந்திய சர்வே இலாகாவார் மைலுக்கு ஓர் அங்குல அளவில் வரைந்த பழைய படங்களில் சிற்றூர், கண்மாய், கோயில், வண்டிப்பாதை யாவும் உள. இப்படங்களில் 78-ஆம் தீர்க்கரேகை நம் பகுதியை ஊடறுப்பதால் கோவில்பட்டி 58 ஜி தாளிலும், விளாத்திகுளம் 58 கே தாளிலும் விழுகின்றன; இரண்டையும் ஒட்டிவைத்தே பார்த்தல் வேண்டும். வீடுகள் அழிந்த பின்னும் கண்மாயும் கோயிலும் பெயருடன் நிற்றலுண்டு. எட்டயபுரம் முதலிய ஜமீன்களைச் சார்ந்த கிராமங்களுக்கோ விரிவான நில அளவையும் பட்டாப் பதிவும் பெரும்பாலும் 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் பின்னரே எழுந்தன. அவற்றைத் தாலுகாக் கச்சேரியில் தேடவேண்டும்.

நேட்டாலுக்குச் சென்றோர் வழிவந்தவர் ஒருவகையில் பாக்கியவான்கள். 1860 முதல் 1911 வரை அங்குச் சென்ற 1,52,184 பேரின் கப்பற் பதிவுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியன எழுதப்பட்டன. குமாஸ்தா செவியில் விழுந்தபடி எழுதினமையின் உச்சரிப்பை நாமே திருத்திப் படித்தல் வேண்டும். ஜொகானஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மைக்கோ பதிவேடும் வேண்டியதில்லை. பெற்றோரின் ஊராகிய தில்லையாடி அவர் பெயரோடே நிலைத்தது. 1915-இல் காந்தியடிகளும் அவ்வூருக்கு வந்தார்.

இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணியின் பின்சென்ற நம்மவர்க்கு அவ்வாய்ப்பும் இல்லை. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் தொங்கிய தகர வில்லையில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணுமே பொறிக்கப்பட்டன, ஊர் இல்லை. 1948-இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தை பிறந்த இடத்திற்குச் சான்று கேட்டது. 1964-ஆம் வருஷத்துச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தபோது, திரும்பி வந்தோர் பலர் தாத்தாவின் ஊரை அறியாது நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். ஊர் தெரியாமையால் இழந்தது காணி மட்டுமோ? பங்காளிகள் இன்னாரென்றும், படையல் வைக்கும் தெய்வம் எதுவென்றும் அறியாது போயினர்.

நம் குல வரலாறு எழுதுவோருட் சிலர் அரச வமிசங்களோடு நம்மை இணைக்கப் பெரிதும் உழைக்கின்றனர். அவ்வுழைப்பிற் பாதியை இவ்வூர்த் தேட்டத்திற் செலவிடின் பல குடும்பங்கள் ஒன்றுகூடும் என்போம்.

ஆதலின் வெளிநாட்டு அன்பர்கள் ஊர்ப்பெயரோடு நில்லாது, குலதெய்வத்தின் பெயர், பெண் கொடுத்துப் பெண் கொண்ட ஊர்கள், பாட்டிமார் வாயில் வழங்கிய ஊருணி, கண்மாய்ப் பெயர்கள் ஆகியவற்றையும் கேட்டெழுதிச் சங்கத்திற்கு அனுப்புவாராக. நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கத்து அங்கத்தினர்கள் தங்கள் கிராமத்தை அடுத்துக் குடி கலைந்த ஊர்களின் பெயர்களையும், அங்கே எஞ்சி நிற்கும் கோயில்களையும் குறித்தனுப்பின் இரண்டையும் ஒத்துப் பார்த்தல் இயலும்.