வகுப்பறைத் திரையில் பொங்கல்

சிங்கப்பூரில் பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது. 1968இல் அரசாங்கம் விடுமுறை நாள்களைக் குறைத்தபோது தைப்பூசமும் பட்டியலிலிருந்து போய்விட்டது, இந்துப் பண்டிகைகளில் தீபாவளி மட்டும் தங்கியது. தை முதல் நாள் வார நாளாக அமைந்தால் பிள்ளைகள் வழக்கம்போல் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். அதனாலேயே பொங்கலைச் சொல்லித்தரும் வேலையில் பெரும்பங்கு எங்களைப் போன்ற தமிழாசிரியர்களிடம் வந்து சேர்ந்தது. தொடக்கநிலைப் பள்ளியில் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அந்த வேலை கரும்பலகையிலிருந்து ஐபேட் வரை வந்த கதையை உடனிருந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தப் பொறுப்பை ஊரே சுமந்தது. 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். சாதியும் சமயமும் குறுக்கே வராமல் எல்லாத் தமிழரும் ஒன்றுகூட ஒரு நாள் வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குத் தையே பொருத்தமாக இருந்தது. பிள்ளைகள் மேடையேறிப் பேசினார்கள், நடித்தார்கள். பிறகு ஊரின் அமைப்பே மாறியது. 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பியதும் செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் கலைந்தன. கம்பம் என்னும் சிற்றூர்களில் கூடி வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பிரிந்தார்கள். வாசலில் மூட்டிய அடுப்பு சமையலறைக்குள் போனது. 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்ட பின், தமிழ் பள்ளியில் ஒரு பாடமாக மட்டுமே மிஞ்சியது.

கணினி வந்தது இந்த நிலையில்தான். 1997 ஏப்ரலில் கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. இருநூறு கோடி வெள்ளி செலவு, பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினி வழியே என்பது இலக்கு. தமிழாசிரியர்களுக்கோ முதல் தடை எழுத்துரு. வீட்டில் தட்டச்சு செய்த பொங்கல் வாழ்த்தைப் பள்ளிக் கணினியில் திறந்தால் கோடும் கொம்புமாகக் குப்பை வரும். அந்தச் சிக்கலை அவிழ்க்க முன்னரே இறங்கியவர்களில் ஒருவர் இந்த ஊர்க்காரர்: எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அவர் உழைப்பால், 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் தெங் சியோங் தொடங்கிவைத்த நான்மொழிக் கவிதை இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற்றது. 1997 மே மாதம் உலகத் தமிழ்க் கணினியாளர்களைக் கூட்டிய முதல் தமிழ் இணைய மாநாடும் இங்கேதான் நடந்தது. 1999இல் கோவிந்தசாமி காலமானார். இன்று ஐபேடில் ‘பொங்கல்’ என்று தட்டும் பிள்ளைக்கு அவர் பெயர் தெரியாது. பாடநூலில் அவருக்கு ஒரு பக்கம் கொடுக்க வேண்டும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

எழுத்து கைக்கு வந்ததும் நாங்கள் செய்தது பெரும்பாலும் படக்காட்சி. பானை பொங்கும், கரும்பு முளைக்கும், மாடு தலையாட்டும். நான்கு நாள்களையும் நான்கு படங்களோடு இழுத்துப் பொருத்தினால் கைதட்டல் ஒலிக்கும். போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று பிள்ளைகள் பிழையில்லாமல் பொருத்தினார்கள். “உங்கள் வீட்டில் பால் பொங்கியபோது யார் என்ன சொன்னார்கள்?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். போகிப் படத்தைப் பார்த்த ஒரு சிறுவன், “தீயணைப்பு வண்டி வராதா டீச்சர்?” என்றான். பன்னிரண்டாம் மாடியில் வளரும் பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. திரையில் அதற்கான பதில் இல்லை.

2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறு ஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்னது. நம் திருநாள் பாடங்களைப் புதிய திசையில் திருப்பியது அந்தப் பரிந்துரைதான் என்று நான் நினைக்கிறேன். வீட்டில் பேசும் தமிழுக்கு மதிப்பு வந்த பிறகு, வீட்டாரின் குரலையே பாடமாக்க முடிந்தது. கொவிட் பெருந்தொற்றால் 2020 ஏப்ரல் 8 அன்று எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே கற்கத் தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் சித்திரைப் புத்தாண்டு. பாட்டியோ தாத்தாவோ தங்கள் சிறுவயதுப் பண்டிகையைப் பற்றிப் பேசுவதைப் பதிவுசெய்து மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றுங்கள் என்று பணி கொடுத்தேன். அடுத்த தையிலும் அதே பணி.

வந்த பதிவுகளைக் கேட்டுத் திகைத்துப்போனேன். “மாட்டுக்குப் பொட்டு வச்சா அது சும்மா நிக்குமா பாட்டி?” என்று ஒரு சிறுமி கேட்க, பாட்டி சிரித்தபடி, கொம்புக்கு வண்ணம் பூசும்போது உதை வாங்கிய தன் அண்ணன் கதையைச் சொல்கிறார். கடையநல்லூர்ப் பூர்விகமுள்ள இஸ்லாமியக் குடும்பத்துப் பாட்டி ஒருவர், பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு தையிலும் தூக்குச்சட்டியில் பொங்கல் அனுப்பியதையும், தாம் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பியதையும் சொன்னார். சாரங்கபாணி மேடை போட்டு வளர்க்க விரும்பிய உறவு அந்த இரண்டு நிமிடப் பதிவில் இருந்தது. பிள்ளைகள் ஒருவர் பதிவை மற்றவர் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டு, புரியாத சொற்களை எழுதிவந்தார்கள்: குலவை, மஞ்சள் கொத்து, தும்பு, கோமியம். அவர்களுக்கு வேறு எந்தப் பயிற்சித்தாளும் நான் கொடுக்கவில்லை.

ஆட்டமும் அசைபடமும் பெயர்களை மனத்தில் பதியவைக்கும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்ப்பது வீண். ஐபேடில் பிள்ளைக்கு உண்மையில் பயன்படும் பகுதி அதன் ஒலிவாங்கி என்பது என் முடிவு. ஒரு காலத்தில் மாடுகள் அடைக்கப்பட்டிருந்த பஃபலோ சாலைக்கு அருகே பொங்கலை ஒட்டி மாடுகளைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அங்கே படம் எடுக்கும் பிள்ளையிடம், மாட்டுக்காரரோடு இரண்டு வார்த்தை பேசிப் பதிவுசெய்யவும் சொல்லுங்கள்.

செம்பவாங்கில் பொங்கல் வைத்தவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். பெற்றோரே, அடுத்த தைக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர்களைப் பேசவிடுங்கள். பதிவுக்கு ஊர்ப் பெயரும் ஆண்டும் எழுதி, ஒரு படியை உங்கள் பிள்ளையின் தமிழாசிரியரிடம் கொடுங்கள்.