இடைப்பின்னம்: ஒரு சமனிலியின் வரலாறு

கலைப்பீட மாணவனொருவன் கணித வரலாறு பற்றி எழுதப் புகுதல் துணிகரமான செயலே. எனினும் இவ்விடயத்தில் எனக்கொரு பழைய கணக்குத் தீர்க்கவேண்டியுள்ளது. சிறுவயதில் 1/3 ஐயும் 1/2 ஐயும் கூட்டுமாறு கேட்கப்பட்டபோது, தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 2/5 என எழுதிப் பிரம்படி வாங்கினேன். சரியான விடை 5/6 என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான் எழுதிய 2/5 பொருளற்ற எண்ணன்று. அது 1/3 இலும் பெரியது. 1/2 இலும் சிறியது. நேரெண்களாலான சமனற்ற பின்னங்கள் எவையிரண்டை இவ்வாறு இணைத்தாலும், பெறப்படுவது அவற்றிற்கு இடையிலேயே அமையும்.

இதனை ஒரு விதியாகவே எடுத்துரைத்தவர் பிரான்சின் லியோன் நகரில் வாழ்ந்த நிக்கொலா சூக்கே என்பார். 1484 இல் அவர் எழுதி முடித்த கணித நூலில் இது 'இடையெண்களின் விதி' எனப்படுகின்றது. ஆறின் வர்க்கமூலத்தைக் காண அவர் இதனைக் கையாண்டார். இரண்டுடன் 1/3 ஐச் சேர்த்து வர்க்கித்தால் ஆறிலும் குறைவு. 1/2 ஐச் சேர்த்தால் மிகுதி. எனவே இடையிலுள்ள 2/5 ஐ எடுத்தார். (எனக்குப் பிரம்படி பெற்றுத்தந்த அதே பின்னம்!) அதுவும் குறையவே, 2/5 ஐயும் 1/2 ஐயும் இணைத்து 3/7 ஐப் பெற்றார். இவ்வாறே சென்று 89/198 ஐ அடைந்தார். இரண்டுடன் இதனைச் சேர்த்து வர்க்கித்தால், ஆறினை விஞ்சுவது 1/39204 மாத்திரமே.

இவ்விதியை அட்சரகணிதத்தால் இரண்டு வரிகளில் நிறுவலாம். ஆனால் அந்நிறுவல் உண்மையென ஏற்கச் செய்யுமேயன்றி, ஏன் உண்மையென்பதைக் கண்முன் நிறுத்தாது. ஒரு படம் அதனைச் செய்யும். பகுதியைக் கிடையாகவும் தொகுதியை நிலைக்குத்தாகவும் கொள்க. 1/3 என்பது உற்பத்தியிலிருந்து மூன்று அலகு வலப்புறமும் ஓர் அலகு மேலும் செல்லும் அம்பு. அதன் படித்திறனே பின்னத்தின் பெறுமானம். 1/2 சற்றுச் செங்குத்தான இன்னோர் அம்பு. ஒன்றின் முனையில் மற்றதைத் தொடங்கினால் ஐந்து அலகு வலமும் இரண்டு அலகு மேலுமாகச் சென்றடைவோம். அவ்விடத்தை உற்பத்தியோடு இணைக்கும் கோடு, இரு அம்புகளையும் பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தின் மூலைவிட்டம். மூலைவிட்டம் பக்கங்களுக்கு இடையிலன்றி வேறெங்கே செல்லும்? படம் நிறுவலாகாது என்பாருளர். ஆனால் இங்கு நாம் நம்பியிருப்பது வரைந்த கோட்டின் அழகையன்று. எண்கள் நேரானவை என்ற ஒன்றையே.

சூக்கேயின் நூல் கையெழுத்துப் படியாகவே கிடந்து 1880 இலேயே அச்சேறியது. அதற்குள் பெயர் வேறொருவருக்குப் போய்விட்டது. ஜோன் பேரி என்ற ஆங்கிலேயப் புவிச்சரிதவியலாளர், குறித்தவோர் எல்லைக்குட்பட்ட பகுதிகளையுடைய பின்னங்களை ஏறுவரிசையில் எழுதினால், ஒவ்வொன்றும் தன் இரு அயற்பின்னங்களின் இடைப்பின்னமாயிருத்தலை 1816 இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார், நிறுவல் தரவில்லை. அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோசி நிறுவலைத் தந்து, கண்டுபிடிப்பைப் பேரிக்கே உரியதாக்கினார். ஹரோஸ் என்பவர் 1802 இலேயே இதனை வெளியிட்டிருந்ததை அவர் அறிந்திலர் போலும். இன்றும் அவ்வரிசை பேரியின் பெயராலேயே வழங்குகின்றது. வரலாறு முதலிற் கண்டவனையன்றி, அச்சிற் கண்டவனையே, அதிலும் புகழ்பெற்றோர் கண்ணிற் பட்டவனையே நினைவிற் கொள்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்படம் கணிதவியலாளரின் பொழுதுபோக்கு மாத்திரமன்று. 1973 இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்பிற்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறத்தாழ 44 வீதத்தினரும், பெண்களில் 35 வீதத்தினரும் அனுமதி பெற்றனர். பெண்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதெனத் தோன்றுவது இயல்பே. ஆயின் துறை துறையாக ஆராய்ந்து 1975 இல் வெளிவந்த கட்டுரை, பெரும்பாலான துறைகளில் அத்தகைய பாரபட்சத்தைக் காணவில்லை. இது எங்ஙனம் கூடும்? மூலைவிட்டம் இரு பக்கங்களுக்கும் இடையில் இருக்கும். ஆனால் நீண்ட பக்கத்தின் புறமே சாயும். ஆண்களின் நீண்ட அம்புகள் அனுமதி எளிதாயிருந்த துறைகளில் இருந்தன. பெண்களின் நீண்ட அம்புகளோ, பலர் முட்டிமோதிச் சிலரே நுழைந்த துறைகளில் இருந்தன. அவர்கள் ஏன் அத்துறைகளை நாடினர், அங்கு இடங்கள் ஏன் அத்துணை அரிதாயிருந்தன என்பவற்றிற்குப் படத்தில் விடையில்லை.