கடக்வாஸ்லாவுக்குத் திரும்பி வந்த பட்டம்

2025 மே 29 அன்று, புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியின் 148ஆம் பிரிவு மாணவர்கள் பட்டம் பெற்றார்கள். அகாடமியின் வரலாற்றில் முதல்முறையாக 17 பெண்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். கலைப் பிரிவில் முதலிடம் பெற்றவரும் அவர்களில் ஒருவரே. மறுநாள் நடந்த அணிவகுப்பைத்தான் நாளிதழ்கள் பெரிதாகப் போட்டன. பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகம் எது என்ற கேள்வி செய்தியின் கடைசி வரிகளில் ஒதுங்கிக் கிடந்தது.

அது புனேப் பல்கலைக்கழகம் அல்ல, டெல்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். பக்கத்திலேயே 1949இல் தோன்றிய பல்கலைக்கழகம் இருக்க, டெல்லிக்காரர்கள் எதற்கு? நிர்வாகக் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். இந்தியாவில் வெளியுறவைப் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கும் வழக்கம் வந்த பாதையைப் பின்னோக்கித் தேடினால், அதன் ஒரு முனை புனேயிலேயே அகப்படுகிறது.

1905 ஜூன் 12 அன்று கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைப் புனேயில் நிறுவினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி 1907இல் அதில் சேர்ந்தார். கோகலே 1915இல் மறைந்ததும் தலைவர் பொறுப்பு இவருக்கு வந்தது. 1921இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் கூட்டத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார். அங்கிருந்து வாஷிங்டன் கடற்படை மாநாட்டுக்கும் போனார். 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவரானார். இத்தனைக்கும் பன்னாட்டு உறவு என்ற பாடத்தில் அவருக்குப் பட்டமோ பதக்கமோ கிடையாது. கிடைக்கவும் வழியில்லை. உலகிலேயே அந்தத் துறைக்கான முதல் பேராசிரியர் இருக்கை வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் ஏற்பட்டது 1919இல்தான்.

சங்கத்தின் தலைவராகச் சாஸ்திரிக்குப் பின் வந்தவர் தேவதர்; அவருக்குப் பின் 1936 முதல் ஹிருதய நாத் குன்ஸ்ரு. இந்தக் குன்ஸ்ருதான் பாதையைத் திருப்பியவர். 1943இல் தேஜ் பகதூர் சாப்ருவோடு சேர்ந்து உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சிலை உருவாக்கினார். அந்தக் கவுன்சிலின் முயற்சியில், 1955இல் டெல்லி சாப்ரு இல்லத்தில் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை. கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலையைப் பற்றி எழுதிய, சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் வெளியிட்ட நூலின் ஆசிரியர் இவரே. சோழர் காலத்து வணிகத்திலிருந்து ஐ.நா. சபை வரை ஒரே ஆள் நடந்திருக்கிறார்! 1961இல் அந்தப் பள்ளி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

அதே பல்கலைக்கழகத்தின் பட்டம் 1970களில் கடக்வாஸ்லாவுக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1972இல் முதல் பட்டமளிப்பு விழா நடத்திய அந்தப் பல்கலைக்கழகம், தன் வளாகத்தில் இரண்டாவது விழாவை நடத்தியது 2018இல். இடையில் 46 ஆண்டுகள். அதன் பெயரைத் தாங்கிய பட்டமோ கடக்வாஸ்லாவில் பருவந்தோறும் கைமாறிக்கொண்டிருந்தது.

கடக்வாஸ்லா வளாகமே ஒரு வெளியுறவுப் பரிசு எனலாம். இரண்டாம் உலகப் போரில் சூடானைக் காக்கப் போரிட்ட இந்திய வீரர்களுக்கு நன்றியாக அந்நாடு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. பிரிவினைக்குப் பின் இந்தியாவின் பங்காக வந்தது 70,000. அகாடமியின் முதன்மைக் கட்டடத்துக்குச் சூடான் பிளாக் என்று பெயர் வைத்தது அதனால்தான்.

இங்கே பாராட்டு இரண்டு இடங்களில் கிடைக்கிறது. முதலில் ஹபிபுல்லா அரங்கம். கலை, அறிவியல், கணினி என்று பிரிவுவாரியாக முதலிடம் பெற்றவர்களுக்குப் பதக்கமும் கோப்பையும் அங்கே வழங்கப்படுகின்றன. புவிசார் அரசியல், அரபு, சீனம், பிரெஞ்சு, ரஷ்யன் என்று படித்ததெல்லாம் கணக்குக்கு வருவது இங்கேதான். மறுநாள் அணிவகுப்பு மைதானத்தில் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம். அதற்குப் பாட மதிப்பெண் மட்டும் போதாது. பயிற்சி முழுவதிலும் முன்னே நிற்க வேண்டும். படங்களில் பெரிதாக வருவது இரண்டாவதுதான். ஆனால் வெளியுறவுப் படிப்பின் வரலாற்றுக்கு அரங்கத்து மேடையே முக்கியம்.

புனே நகருக்குள் இந்தப் படிப்பு வேறொரு வழியாகவும் வந்தது. ஃபெர்குசன் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த எஸ்.பி. முஜும்தார், மஞ்சள் காமாலையில் படுத்திருந்த மொரீஷியஸ் மாணவனுக்கு ஒரு பெண் விடுதி ஜன்னல் வழியே சாப்பாடு கொடுப்பதைப் பார்த்தார். வெளிநாட்டு மாணவர்களுக்காக 1971இல் அவர் தொடங்கிய சிம்பயாசிஸ் அமைப்பு இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து, பன்னாட்டு ஆய்வில் முதுகலைப் பட்டமும் தருகிறது. ஊழியர் சங்கத்தின் சார்பில் 1930இல் எழுந்த கோகலே நிறுவனத்தின் பெயரில் அரசியல், பொருளியல் இரண்டுமே உண்டு. அது பேர் வாங்கியதென்னவோ பொருளியலில்தான்.