போட்டிக் கைத்துப்பாக்கியின் விசைச் சீரமைப்பு

போட்டிக் கைத்துப்பாக்கியின் விசைச் சீரமைப்பு என்பது, சுடுபவரின் விரலுக்கும் போட்டி விதிக்கும் பொருந்துமாறு விசையின் எடை, ஓட்டம், விடுபடும் இடம் ஆகியவற்றைத் திருகாணிகளால் சரிசெய்யும் வேலை. சுடுதளத்தில் ‘ட்ரிக்கர் செட் பண்ணுவது’ என்பார்கள். விசையை இயன்ற மட்டும் இலேசாக்குவதுதான் இது எனப் புதியவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விசை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விடுபட வேண்டும். இலேசு அதற்கு அப்புறம்தான்.

தென்காசிச் சீமையில் கைத்துப்பாக்கி என்றதும் செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட பிரௌனிங்தான் நினைவுக்கு வரும். அவ்வகைக் கருவிகள் உடலோடு மறைத்து எடுத்துச் செல்ல ஏற்றவை. அவற்றின் விசையைத் திருகி மாற்ற வழியில்லை. போட்டிக் கருவியின் கதை வேறு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். ஒற்றைக் கையை நீட்டிச் சுடுபவருக்கு, விசை விடுபடும் கணத்தில் குழல் சற்றே அசைந்தாலும் குண்டு 9-க்குப் போய்விடும்.

விசையின் எடைக்கு, அதாவது அதை விடுவிக்கத் தேவையான அழுத்தத்துக்கு, கீழ்வரம்பு உண்டு. பன்னாட்டு விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். 50 மீட்டர் பிஸ்டலுக்கு மட்டும் வரம்பே இல்லை. 2014 உலகப் போட்டியில் இந்திய வீரர் ஜீது ராய் வெள்ளி வென்ற அந்தப் பிரிவு, 2016 ரியோவுக்குப் பின் ஒலிம்பிக்கில் இல்லை.

பெரும்பாலான போட்டி விசைகள் இருநிலை விசைகள். விரல் முதலில் மெல்லிய எதிர்ப்போடு சிறிது தூரம் பின்னே போகும்; பிறகு ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வெடிக்கும். ஏர் பிஸ்டலில் 500 கிராமின் பெரும்பகுதியை முதல் நிலைக்கே கொடுத்துவிட்டு, இரண்டாம் நிலைக்கு நூறு, நூற்றைம்பது கிராம் விடுவது பலரின் வழக்கம்.

வேலையைத் தொடங்குமுன் குண்டு இல்லை என்று உறுதிசெய்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்ப வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது விசைத் தகட்டின் இடம்: ஆள்காட்டி விரலின் நுனிக் கணுச் சதை நேராகப் பின்னோக்கி அழுத்தும்படி அதை நகர்த்த வேண்டும். இது சரியில்லாமல் எடையைத் தொடுவது வீண். அடுத்து முதல் நிலை எடை, பிறகு இரண்டாம் நிலை. திருகாணியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் எடைக்கல் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். வெடித்த பிறகும் விசை பின்னே ஓடாதபடி தடுக்கும் திருகாணியைக் கடைசியில் பார்க்கலாம். சியர் என்னும் கொக்கியின் பிடிமானத்தை மாற்றும் ஆணி மட்டும் புதியவர் கைபடக் கூடாதது. பிடிமானம் மிகக் குறைந்தால் கருவியை மேசையில் தட்டி வைத்தாலே வெடிக்கலாம்.

மின்னணு விசையில் தேயும் கொக்கி இல்லை; மின்சுற்று மூடியதும் சிறு மின்காந்தம் வேலையை முடிக்கும். விடுபடுவது துல்லியம். ஆனால் பழுதானால் ஆணியைத் திருகிச் சமாளிக்க முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 25 அன்று, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் நெம்புகோல் உடைந்தபோது, அதை மாற்ற விசையின் மின்சுற்றையும் கழற்றி மாட்ட வேண்டியதாயிற்று. 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டிய சுற்றில் கால் மணிக்கும் மேல் போனது. அவர் 575 புள்ளியோடு 12-ஆம் இடத்தில் நின்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 28 அன்று இதே பிரிவில் வெண்கலம் வென்றார்.

வடகரை, குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவும் கெட்டிப்பட்ட எண்ணெயும் எடையை மாற்றிவிடும். ஆகவே வரம்புக்குச் சரியாக வைக்காமல் பத்து, இருபது கிராம் கூட வைப்பதே புத்தி.

போட்டியில் நடக்கும் விசை எடைச் சோதனையில் குழலைச் செங்குத்தாகப் பிடித்து, சமதளத்தில் வைத்த எடைக்கல்லை விசையால் தூக்க வேண்டும். மூன்று முயற்சிதான். ஏர் பிஸ்டலில் காற்றழுத்தமும் ஏற்றியிருக்க வேண்டும். போட்டி முடிந்தபின் குலுக்கலில் தேர்ந்தெடுத்தும் சோதிப்பார்கள். அதில் கல் எழாவிட்டால், எத்தனை புள்ளி எடுத்திருந்தாலும் தகுதிநீக்கம்தான்.