அரசின் சந்தனமும் உழவரின் வேலியும்

புனே நகரத்துக் கல்லூரி வளாகங்களிலும் பழைய பங்களாக்களிலும் நிற்கும் சந்தன மரங்கள் இரவோடு இரவாக அறுத்துக் கடத்தப்படும் செய்திகள் இங்குள்ள நாளிதழ்களில் அவ்வப்போது வெளியாகின்றன. சந்தனம் இவ்வளவு அரிதானது ஏன்? கடத்தலைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அந்த வரலாறு கடத்தலுக்கு முன்பே தொடங்குகிறது.

1792-இல் திப்பு சுல்தான் மைசூர் நாட்டில் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக்கினார். பின்வந்த உடையார் ஆட்சியும் ஆங்கிலேயர் நிருவாகமும் அவ்வுரிமையைக் கைவிடவில்லை. உழவரின் வேலியில் தானாக முளைத்த கன்றும் அரசின் சொத்தே. பிற்காலத்தில் நில உரிமையாளருக்குப் பங்குத்தொகை கிடைத்தபோதும், மரத்தை வெட்டும் உரிமையும் விற்கும் உரிமையும் அரசிடமே இருந்தன.

1899-இல் குடகுப் பகுதியில் 'ஸ்பைக்' நோய் பதிவாயிற்று. இலைகள் சிறுத்து விறைத்து, கிளைகள் கூர்முட்கள்போல் நிற்கும். சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடும். 1903 முதல் 1916 வரை குடகிலும் மைசூரிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அகற்றப்பட்டன. தீர்வு காண்பவருக்கு 10,000 ரூபாய் பரிசளிப்பதாக மைசூர் மகாராஜா 1907-இல் அறிவித்தார். 1917–1925 காலத்தில் சேலம் பகுதியில் மட்டும் 98,734 மரங்கள் வெட்டப்பட்டன. உண்ணிச்செடியே காரணம் என்றுகூட ஒரு காலத்தில் ஐயுற்றனர். மைக்கோபிளாஸ்மா போன்ற நுண்ணுயிரே காரணம் என்பது 1969-இல்தான் தெரியவந்தது. இன்று அதனை ஃபைட்டோபிளாஸ்மா என்பர். நம்பகமான மருந்து இன்றும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சந்தனத்தின் விலை அதன் நடுக்கட்டையில் உள்ளது. தமிழ் அதனை 'வைரம்' என்கிறது. நோயில் பட்ட முதிர்ந்த மரத்திலும் வைரம் எஞ்சுவதால் அதனை ஏலத்தில் விற்கலாம். வைரம் பாயாத இளமரம் பட்டால் விற்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே கிடங்குக் கணக்கில் நோய் உடனே இழப்பாகத் தெரியாது, வரத்தாகவே தெரியும். அடுத்த தலைமுறை மரங்களின் அழிவை எந்த ஏலமும் பதிவு செய்யாது.

விற்பனையோ தடையின்றி விரிந்தது. முதல் உலகப்போர் வரை மைசூர்ச் சந்தனக்கட்டை பெருமளவில் செருமனிக்குச் சென்று எண்ணெயாக வடிக்கப்பட்டது. போரால் அவ்வழி அடைபடவே, 1916-இல் பெங்களூரிலும் 1917-இல் மைசூரிலும் எண்ணெய் ஆலைகள் எழுந்தன. காடு நோயுற்ற அதே ஆண்டுகளில் ஆலைகளின் தேவை பெருகியது.

நோயின் முதல் அறிகுறியை வேலியோரத்தில் காணக்கூடியவர் உழவரே. ஆனால் தமக்கு உரிமையில்லாத, காணாமற்போனால் தம்மீதே வழக்கு வரக்கூடிய மரத்தை அவர் ஏன் பேண வேண்டும்? கன்றிலேயே பிடுங்கி எறிவதே அவருக்குப் பாதுகாப்பு. காட்டு மரங்களை நோய் அழித்தது. அவற்றின் இடத்தை நிரப்பியிருக்கக்கூடிய வயலோர மரங்களைச் சட்டம் முளையிலேயே தடுத்தது என்பதே என் வாசிப்பு.

2001-இல் கர்நாடகமும் 2002-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தித் தனியார் நிலத்துச் சந்தனத்தை நில உரிமையாளருக்கே உரியதாக்கின. அதற்குள் ஆஸ்திரேலியாவின் குனுனுராவில் இந்தியச் சந்தனம் தோட்டப்பயிராகிவிட்டது.

வன வரலாறு பயிலும் மாணவர்கள் பழைய ஆண்டறிக்கைகளில் வருவாய்த் தொகையை மட்டும் பார்த்து நின்றுவிடலாகாது. அவ்வாண்டு விற்ற கட்டையில் எவ்வளவு முதிர்ந்த மரத்திலிருந்து வந்தது, எவ்வளவு நோயில் பட்ட மரத்திலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.