வேலிக்குள் வர மறுத்தவர்கள்

ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த அந்நாளைய சேலம் ஜில்லாவில், 1871ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த ஜனத்தொகை, தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு சொல்லிவந்த 1876-78ஆம் ஆண்டுகளின் க்ஷாமம் கழிந்து, 1881இல் எண்ணியபோது 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைந்திருந்தது. இத்தனை உயிர்கள் மடிந்த காலத்திலும், சர்க்கார் அமைத்த நிவாரண முகாம்களுக்குள் போக மறுத்துச் சாலையோரத்திலே கிடந்தவர்கள் பலர்.

அதிகாரிகள் இதை ஜாதி அபிமானம் என்றார்கள். யார் கை தொட்டுச் சமைத்த சோறோ என்ற கூச்சம் இருந்தது மெய்யே. ஆயினும், வேலியும் காவலும் வைத்து அடைத்து நடத்தப்பட்டு, வாந்திபேதியும் சீதபேதியும் பரவி நாள்தோறும் பிணங்கள் எடுக்கப்பட்ட ஓரிடத்தை விட்டு விலகியவனை மூடன் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வேலை செய்யத் தக்கவர்களுக்கோ 1877இல் இந்திய சர்க்கார் அனுப்பிய ஸர் ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமாகக் கூலியைச் சுருக்கினார். அது உயிர் தரிக்கப் போதாதென்று சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் விடாது வாதாடிய பின்னரே சென்னை சர்க்கார் அதை உயர்த்தியது.

அந்த முகாம்களுக்கு மாறாக, வழிப்போக்கனிடம் கணக்குக் கேளாமல் இரவு தங்கவிட்டு விடியலில் அனுப்பிய சத்திரங்களை நாம் பெருமையோடு நினைக்கிறோம். ஒடுக்கப்பட்ட ஜாதியாருக்கு அவற்றின் திண்ணையும் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

வேலிக்குள் வர மறுப்பது இன்றும் நிற்கவில்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூரின் முகமே மாறிற்று. வடமாநிலங்களிலிருந்தும் அண்டை ஜில்லாக்களிலிருந்தும் வந்து, அறை வாடகை கட்ட இயலாமல் வெளியிலே படுக்கும் கூலிக்காரனுக்கு, விடியுமுன் மேஸ்திரி ஆள் எடுக்கும் இடத்தில் நிற்பதே ஜீவனம். நகரங்களில் வீடற்றோர் தங்க லட்சம் பேருக்கு ஒரு விடுதி, அதுவும் இரவு பகல் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வற்புறுத்தியது நல்ல காரியம்; ஆனால் விடுதி ஊரின் மறுகோடியில் இருந்தால், மனைவியை வேறிடத்துக்கு அனுப்பச் சொன்னால், மூட்டையும் கருவிகளும் களவுபோனால், அடையாள அட்டை கேட்டால், அவன் மீண்டும் கடைவாசலுக்கே திரும்புகிறான். பிச்சையெடுப்போரைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1945ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் நிழலும் அவன்மேல் இருக்கிறது. விடுதிக்கு அழைக்க வரும் வண்டி எது, பிடித்துப்போக வரும் வண்டி எது என்று நள்ளிரவில் தட்டி எழுப்பப்படுகிறவன் எவ்வாறு பிரித்தறிவான்?